தம் கட்டாதே

அக்கா மகளுக்கு இந்த வருடம் பன்னிரண்டு வயது. புதுச்சேரியில் ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவது, கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பத்து வயது ஆனாலே ஜூனியர் ஓபன் வாட்டர் என்ற ஆரம்பப் பயிற்சியில் சேரலாம் என்பதை அவளே தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். அக்காதான் இன்னும் அரை மனதாக இருக்கிறாள். போன வாரம் போனில், "மாமா, முதல் தடவை உங்களுக்குப் பயமா இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்தது என்றேன். "உங்களுக்குத்தான் நல்லா நீச்சல் தெரியுமே, அப்புறம் எதுக்குப் பயம்?" என்றாள். அதற்குப் போனில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. எழுதியாவது பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது.

நீச்சல் தெரிந்ததுதான் எனக்குச் சிக்கலாகிப் போனது. எங்கள் ஊர் பெருந்துறைக்குப் பக்கம். ஏழு வயதில் பெரியப்பா என் முதுகில் சுரைப்புருடையைக் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் தள்ளிவிட்டார், ஒரே கோடை விடுமுறையில் புருடை தேவைப்படாமல் போயிற்று. அதற்கப்புறம் பையன்களுக்குள் ஒரே போட்டிதான். மோட்டார் ரூம் திட்டிலிருந்து குதித்து, இருபது இருபத்தைந்து அடித் தண்ணீரைத் துளைத்துக்கொண்டு அடிவரை போய், ஒரு கை மண் அள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும். மண் இல்லாமல் வந்தால் போனதாகவே கணக்கில்லை. காது வலிக்கும், கண் எரியும், நெஞ்சு முட்டும், ஆனாலும் வாயைத் திறக்கக் கூடாது. படிக்கட்டில் நிற்பவர்கள் எல்லாரும் கத்துவது ஒன்றே ஒன்றுதான்: "தம் கட்றா, தம் கட்றா!" நான் நன்றாகத் தம் கட்டுவேன். அந்த வயதில் எனக்கிருந்த ஒரே பெருமை அது.

2012 பிப்ரவரியில் அந்தமானுக்குப் போனபோதும் அந்தப் பெருமை கூடவே வந்தது. அதற்கு ஒரு வருடம் முன்னால் கோவாவில் ஒரு 'ட்ரை டைவ்' செய்திருந்தேன், யார் நடத்தினார்கள் என்பது இங்கே வேண்டாம். படகிலேயே ஐந்து நிமிடம் ஏதோ சொன்னார்கள், சிலிண்டரை மாட்டினார்கள், பின்னாலிருந்து ஒருவர் என்னைப் பிடித்துத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டே போனார், போட்டோ எடுத்தார்கள், பதினைந்து நிமிடத்தில் மேலே கொண்டுவந்துவிட்டார்கள். எதையுமே நான் செய்யவில்லை, சாமான் மாதிரி என்னை எடுத்துப் போய் எடுத்து வந்தார்கள். அந்தக் குறைதான் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமாக வளர்ந்தது. சென்னையில் அப்போது வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தில் பயிற்சிக் கட்டணம் சின்னத் தொகை இல்லை, ஆறேழு மாதம் சேர்த்துவைத்துப் போனேன்.

போர்ட் பிளேயர் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரம் போனால் ஹேவ்லாக். இப்போது அந்தத் தீவின் பெயர் ஸ்வராஜ் த்வீப், 2018-ல் மாற்றினார்கள். போர்ட் பிளேயரும் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. எனக்கு வாயில் பழைய பெயர்கள்தான் வருகின்றன, அப்படியே எழுதுகிறேன்.

பயிற்சியாளர் போர்ட் பிளேயரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தாத்தா காலத்தில் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து பிழைக்கப் போன குடும்பம். இந்தியும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் ஓடும், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். முதலில் மருத்துவப் படிவத்தைக் கொடுத்தார். ஆஸ்துமா உண்டா, காதில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா, இதயம் எப்படி என்று ஒரு பக்கக் கேள்விகள். எதற்காவது 'ஆம்' என்று எழுதினால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறங்க முடியாது என்பது அப்போதைய விதி. அப்புறம் நீச்சல் சோதனை: 200 மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். இரண்டும் எனக்குச் சுலபம். கரைக்கு வந்ததும் கிணற்றுக் கதையை அவரிடம் சொன்னேன், மண் எடுத்த கதை உட்பட. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லது தம்பி. அந்தத் தம் கட்டுறதை மட்டும் இங்க மறந்துடுங்க. கடலுக்கு அடியில ஒரு நொடிகூட மூச்சை அடக்கக் கூடாது."

சரி என்று தலையாட்டினேன். அது அப்போது காதோடு நின்றுவிட்டது.

ஏன் அடக்கக் கூடாது என்பதை அவர் மணலில் கோடு போட்டு விளக்கினார். நான் புரிந்துகொண்ட வகையில் சொல்கிறேன். மேலே காற்றை இழுத்துக்கொண்டு கிணற்றுக்குள் குதிக்கிறோம், நெஞ்சில் ஆறு லிட்டர் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடலில் பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், கிணற்றிலும் ஏறக்குறைய அதே கணக்குதான். இருபத்தைந்து அடியில் அந்த ஆறு லிட்டர் மூன்றரை லிட்டராகச் சுருங்கிவிடும். மேலே வரும்போது விரிந்து மறுபடி அதே ஆறு லிட்டர் ஆகும், அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. அதனால்தான் கிணற்றில் தம் கட்டிவிட்டு மேலே வந்தால் நெஞ்சுக்கு ஒன்றும் ஆவதில்லை. மன்னார் வளைகுடாவில் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு முத்தும் சங்கும் குளித்தவர்களும் இப்படித்தான், மேலே இழுத்த ஒரே மூச்சோடு போய் அதே மூச்சோடு திரும்பினார்கள். ஸ்கூபா அப்படி இல்லை. 1943-ல் பிரான்சில் கூஸ்தோவும் எமில் காஞானும் உருவாக்கிய, சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரின் சூட்சுமமே, நாம் எந்த ஆழத்தில் இருக்கிறோமோ அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைக் கொடுப்பதுதான். அப்படிக் கொடுக்காவிட்டால் கொஞ்ச ஆழத்திலேயே நெஞ்சை விரித்து மூச்சிழுக்க முடியாது. ஆக, பத்து மீட்டரில் நிரப்பிய நெஞ்சை மூடிக்கொண்டு மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காகும். நுரையீரலுக்கு இரண்டு மடங்கு இடம் கிடையாது, கிழியும். ஒன்றரை மீட்டர் ஆழம்கூட அதற்குப் போதும்.

பெருந்துறைப் பையனுக்கு இது புத்தியில் ஏறிவிட்டது. உடம்பில் ஏறவில்லை. அது ஏற இன்னும் இரண்டு நாள் ஆயிற்று.

ஹேவ்லாக்கில் நீச்சல் குளத்துப் பயிற்சியையும் கடலிலேயே, கரையோர ஆழமற்ற இடத்தில்தான் செய்தோம். அலை வற்றினால் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும், சிலிண்டரைச் சுமந்துகொண்டு மணலில் நடக்க வேண்டும், அதனால் வகுப்பு நேரமெல்லாம் ஏற்றவற்றத்தைப் பார்த்துத்தான். இடுப்பளவு தண்ணீரில் மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டு, ரெகுலேட்டரில் முதல் மூச்சை இழுத்தேன். உள்ளே வரும்போது ஒரு உலோகச் சீறல், வெளியே போகும்போது காதோரம் கொப்பளிக்கும் குமிழிகள். கோவாவில் பதற்றத்தில் இந்தச் சத்தத்தையே கவனித்திருக்கவில்லை. பத்து மூச்சு, இருபது மூச்சு, வெறுமனே அங்கே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணன் அவசரப்படுத்தவே இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வலது தோளைச் சாய்த்துக் கையைப் பின்னால் வீசிக் குழாயைத் தேடிப் பிடிப்பது. அந்த இடைவெளியில்கூட மூச்சை அடக்கக் கூடாது, சின்னச் சின்னக் குமிழிகளாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று அர்த்தம், எல்லாம் நலம் என்பதற்கு விரல்களால் வட்டம். இது பழகவே எனக்கு அரை நாள் ஆனது, நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல நினைத்து மேலே போகச் சொல்லிக்கொண்டிருந்தேன். காற்று தீர்ந்தால் கூட்டாளியிடம் கேட்டு அவருடைய உபரி ரெகுலேட்டரில் மூச்சு விடுவது. முத்துக்குளிப்பில் மேலே கயிற்றைப் பிடிப்பவர் மச்சானாகத்தான் இருப்பார், அக்காள் தங்கை தாலியை நினைத்துக் கயிற்றை விடமாட்டார் என்று சொல்வார்கள். எனக்குக் கூட்டாளியாக வாய்த்தவர் புனேவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், அறுபது வயதுக்கு மேல். நான்கு நாளும் மச்சானைப் போலவே பார்த்துக்கொண்டார்.

எனக்கு இடறிய இடம் மாஸ்க். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றும் முறை கேட்க எளிது: மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்து, கொஞ்சம் அண்ணாந்து பார், மூக்கு வழியாக ஊது, காற்று தண்ணீரைக் கீழே தள்ளிவிடும். பாதி நிரப்பினால் செய்துவிட்டேன். முழுக்க நிரப்பினால், கழற்றிவிட்டு மறுபடி மாட்டச் சொன்னால், மூக்கில் தண்ணீர் பட்ட அந்தக் கணமே உடம்பு கிணற்றுக்குப் போய்விடும். வாய் இறுகும், நெஞ்சு பூட்டிக்கொள்ளும். ஆழமற்ற இடத்தில் அப்படியே எழுந்து நின்றுவிடலாம். எழுந்து நின்றேன், ஏழெட்டுத் தடவை. கடைசியில் ஒருவழியாக இரண்டு முறை சரியாக வந்தது, அன்றைக்கு அதோடு முடித்துக்கொண்டோம்.

மறுநாள் கடலில் இரண்டாவது டைவ், நீமோ ரீஃப், ஏழு மீட்டர். மணல் தரையில் மண்டியிட்டிருக்கிறோம், பக்கத்தில் ஒரு கடல் சாமந்தி, அதற்குள் இரண்டு கோமாளி மீன்கள் என்னை நோக்கி வருவதும் ஒளிவதுமாக இருக்கின்றன. அண்ணன் சைகை காட்டினார், மாஸ்க்கை முழுக்க நிரப்பச் சொல்லி. விளிம்பைத் தளர்த்தினேன். குளிர்ந்த உப்புத்தண்ணீர் கண்ணையும் மூக்கையும் ஒரே அடியாக மூடியது, மூக்கால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன். தொண்டையில் உப்பு. அப்புறம் நான் எதையும் யோசிக்கவில்லை, தம் கட்டினேன். ஏழு வயதிலிருந்து கற்றுவைத்தது அது ஒன்றுதான். கட்டிக்கொண்டு, அதே கிணற்றுப் பழக்கத்தில், இரண்டு காலையும் உதறி மேலே கிளம்பினேன்.

ஒரு மீட்டர்கூடப் போகவில்லை. தோள்பட்டை வாரில் ஒரு பிடி விழுந்தது, இரும்புப் பிடி. கண்ணைத் திறந்தால் எரிச்சலும் மங்கலான நீலமும்தான், ஆனால் முகத்துக்கு அரையடி தூரத்தில் அவர் இருப்பது தெரிந்தது. இன்னொரு உள்ளங்கையால் என் நெஞ்சில் தட்டினார். ஒரு தட்டு, பிறகு அவருடைய குமிழிகள் நீளமாக, மெதுவாக என் கன்னத்தில் உரசிக்கொண்டு போயின. மறுபடி ஒரு தட்டு, மறுபடி குமிழிகள். மூன்றாவது தட்டுக்கு நான் விட்டேன். முழுக்க விட்டேன். விட்டதும் ரெகுலேட்டர் தானாக அடுத்த மூச்சைக் கொடுத்தது, அது எப்போதும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது, நான்தான் வாங்காமல் பூட்டிக்கொண்டு நின்றேன். கண் எரிந்தபடியே நாலைந்து மூச்சு விட்டேன், மாஸ்க்கை அழுத்தி ஊதினேன், தெளிந்தது. கோமாளி மீன்கள் அதே இடத்தில்தான் இருந்தன.

கணக்குப் போட்டால் அந்த ஏழு மீட்டரில் நெஞ்சில் நான்கு லிட்டர் காற்று இருந்திருந்தால் மேலே அது ஏழு லிட்டருக்குப் பக்கத்தில் ஆகியிருக்கும். அன்றிரவு அறையில் படுத்துக்கொண்டு இந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டேன். போய்விடலாமா என்றும் தோன்றியது. காலையில் அண்ணனிடம் சொன்னபோது, போக வேண்டாம் என்றோ போ என்றோ சொல்லவில்லை. "வாங்க, இன்னும் ஒரு மணி நேரம் இடுப்பளவுத் தண்ணியில உட்காருவோம், மாஸ்க் இல்லாமயே" என்றார். அதற்குத் தனியாகக் காசும் வாங்கவில்லை, மற்றவர்களைக் காக்கவைத்தது பற்றிச் சலிக்கவும் இல்லை. மாஸ்க் போடாமல் முகத்தைத் தண்ணீரில் விட்டு வாயால் மட்டும் மூச்சு விட்டபடி ஒரு மணி நேரம். நான் ஓபன் வாட்டர் முடித்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அன்று பிற்பகல் அவசர ஏற்றம். காற்று அடியோடு தீர்ந்துபோய், பக்கத்தில் கூட்டாளியும் இல்லை என்றால் ஒரே மூச்சில் மேலே வரும் பயிற்சி. ஆறிலிருந்து ஒன்பது மீட்டர் ஆழத்தில், கயிற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பயிற்சியாளர் நம்மைப் பிடித்தபடியே செய்ய வைப்பார். ஒரு மூச்சு இழுத்து, தலையை நிமிர்த்தி, மேலே போய்ச் சேரும்வரை தொடர்ந்து 'ஆ' என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். சத்தம் வந்தால் காற்று வெளியே போகிறது என்று அர்த்தம். நிமிடத்துக்குப் பதினெட்டு மீட்டருக்கு மேல் வேகம் கூடாது, ஆக எட்டு மீட்டர் போவதற்குள் அரை நிமிடத்துக்குப் பக்கத்தில் ஆகிவிடும். ஒரே மூச்சில் அரை நிமிடம் 'ஆ' என்று இழுக்க முடியுமா? அக்கா சின்ன வயதில் பாட்டு வகுப்பில் அகாரம் பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானும் முயன்றிருக்கிறேன், பத்து எண்ணுவதற்குள் நெஞ்சு காய்ந்துவிடும்.

இங்கே காயவில்லை. 'ஆ' என்று விட விட, மேலே போகப் போக, உள்ளே காற்று விரிந்து நிரம்பிக்கொண்டே இருந்தது. நான் விட்டுக்கொண்டே இருக்கிறேன், நெஞ்சு காலியாகவே இல்லை. வெளிச்சம் கூடிக்கொண்டே வந்து தலை தண்ணீரைக் கிழித்தபோதும் தொண்டையில் இன்னும் 'ஆ' மிச்சமிருந்தது. முந்தைய நாள் எந்தக் காற்று என் நுரையீரலைக் கிழித்திருக்குமோ, அதே காற்றுதான் இன்றைக்கு மேலே கொண்டுவந்து சேர்த்தது. படகில் ஏறி உட்கார்ந்தும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. படகோட்டிகள் மாயாபந்தர் பக்கத்துக் கரேன் இளைஞர்கள், 1925-ல் பர்மாவிலிருந்து அந்தமானுக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். அதில் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஒரு தம்ளர் கட்டஞ்சாயாவை நீட்டினார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேறு மாதிரி ஆகிவிட்டது. மணலில் குப்புறப் படுத்து, காலில் மாட்டிய துடுப்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றி, மூச்சை இழுத்தால் உடம்பு மெல்ல மேலே சாயும், விட்டால் கீழே இறங்கும் ஒரு பயிற்சி உண்டு. முதல் நாள் அது வெறும் விளையாட்டாகத் தெரிந்தது. இப்போது நெஞ்சே ஒரு மிதவைப் பை என்பது புரிந்தது. பவளத்துக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் கை கால் ஆட்டாமல் நிற்க முடிவது மூச்சாலேதான். இடுப்பில் எட்டு கிலோ ஈயத்தைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தவனுக்கு அண்ணன் ஒவ்வொரு டைவுக்கும் ஒரு கிலோவாகக் குறைத்துக் கடைசியில் ஐந்து கிலோவுக்குக் கொண்டுவந்தார். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருந்த காற்று முதல் டைவில் இருபத்தெட்டு நிமிடத்தில் 50-க்கு இறங்கியது, நான்காவதில் அதே காற்று நாற்பத்தொரு நிமிடம் வந்தது.

நான்காவது டைவ் தீவின் வடமுனையில் லைட்ஹவுஸ். பதினாறு மீட்டரில் ஒரு கிளிமீன் பவளத்தைக் கடித்துத் தின்னும் சத்தம் கறுக் கறுக்கென்று காதில் விழுந்தது. அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். கிளம்பும்போது அம்மா பண்ணாரி கோயிலில் வாங்கிக் கட்டிவிட்ட சிவப்புக் கயிறு, மணிக்கட்டில் மங்கிய பழுப்பாக இருந்தது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான் என்று புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதியும் இருந்தேன், ஆனாலும் ஒரு கணம் திக்கென்றது. அண்ணன் டார்ச்சைத் திருப்பினார். குங்குமச் சிவப்பாக அது திரும்பி வந்தது.

நைட்ரஜன் கணக்கு ஒன்று உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அழுத்தத்தில் நைட்ரஜன் உடம்பில் கரையும். சட்டென்று மேலே வந்தால் கோலி சோடாவை உடைத்த மாதிரி உள்ளேயே நுரைக்கும். எங்களுக்குப் பிளாஸ்டிக் அட்டை அட்டவணையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்: பதினெட்டு மீட்டரில் அதிகபட்சம் 56 நிமிடம், முப்பதில் 20 நிமிடம்தான். கடைசியில் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு வர வேண்டும். பல டைவ்கள் செய்தபின் 18 மணி நேரத்துக்கு விமானம் ஏறக் கூடாது, அதற்காகவே என் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போட்டேன். இப்போது மணிக்கட்டுக் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் அட்டவணையை ஒரு தடவையாவது கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. விரலால் கட்டம் கட்டமாகப் போகும்போதுதான் ஆழத்துக்கு என்ன விலை என்று மண்டையில் ஏறுகிறது.

ஐம்பது கேள்விப் பரீட்சை எழுதி முடித்தேன். 'பாடி' (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் பிளாஸ்டிக் அட்டை ஒன்றரை மாதம் கழித்துச் சென்னைக்குத் தபாலில் வந்தது. பதினெட்டு மீட்டர் வரை, கூட்டாளியோடு, உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம், காலாவதியே கிடையாது. அது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. இடையில் மூன்று வருடம் தண்ணீர்ப் பக்கமே போகாமல் இருந்துவிட்டுத் திரும்பிப் போனபோது, அட்டை செல்லும் என்றாலும், முதலில் ஆழமற்ற இடத்தில் மாஸ்க் கழற்றிப் பார்க்கிறேன் என்று நானாகவே கேட்டுக்கொண்டேன்.

அக்காவிடம் நான் சொன்னதும் இதுதான். விலை குறைவு என்று பார்க்காதே, இரண்டரை நாளில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகாதே. பிள்ளைக்கு ஒன்று வரவில்லை என்றால் இன்னொரு மணி நேரம் உட்காருவீர்களா என்று கேள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காதவர்களிடம் அனுப்பு.

வரும் சனிக்கிழமை அவளுக்கு நீச்சல் குளத்தில் முதல் வகுப்பு. மற்றதெல்லாம் அவர்களே கொடுப்பார்கள், மாஸ்க் மட்டும் அவள் முகத்துக்குப் பொருத்தமாக நானே வாங்கிக் கொடுத்தேன். புது மாஸ்க்கின் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கும், அதைத் தேய்த்து எடுக்காவிட்டால் தண்ணீருக்குள் ஆவி படிந்துகொண்டே இருக்கும். நேற்று முழுக்க வாஷ்பேசின் முன்னால் நின்று, வெள்ளைப் பற்பசையை விரலில் எடுத்து, இரண்டு பேரும் மாறி மாறித் தேய்த்தோம். மூன்றாவது தடவை கழுவிவிட்டு அவள் அதை முகத்தில் வைத்துக்கொண்டாள், வார் போடாமல், மூக்கால் மட்டும் லேசாக இழுத்து. அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. "இப்ப மூச்சை விடு" என்றேன். விட்டாள், கையில் விழுந்தது.